காலையில் சாவி, மதியம் ஆக்சிலரேட்டர்: ஒரு ஆல்டோ கே10 ஸ்டார்ட்டிங் தொல்லை

வண்டி 2012 மாடல் ஆல்டோ கே10. 998 சிசி, மூன்று சிலிண்டர், லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி ஓடியது. செல்ஃப் அடித்தால் மோட்டார் விறுவிறுவென்று சுற்றுகிறது, ஆனால் என்ஜின் பிடிப்பதில்லை. எட்டு, பத்து நொடி சுற்றிய பிறகு ஒரு இருமல், அப்புறம் ஒரு உதறல், கொஞ்ச நேரம் இரண்டு சிலிண்டரில் ஓடுவது போல ஆட்டம். பிறகு ஒன்றுமே நடக்காதது போல அமைதியாக ஐடிலிங்குக்கு வந்துவிடும். ஓட்டும்போது இழுவையில் குறையில்லை. அணைத்துவிட்டு உடனே போட்டால் தொட்டவுடன் ஸ்டார்ட். நிறுத்தி வைத்து எடுத்தால்தான் வம்பு.

இந்த வர்ணனையைக் கேட்ட எல்லோரிடமும் ஒரு தீர்ப்பு தயாராக இருந்தது. ஒருவர் பேட்டரி என்றார், ஒருவர் பிளக் என்றார். தெருமுனை ஒர்க்‌ஷாப்பில், "பெட்ரோல் பம்ப் வீக்கா இருக்கு சார், மாத்திடலாம்" என்று பானட்டைத் திறக்காமலே சொன்னார்கள். இப்போது புதிதாக எதற்கெடுத்தாலும் இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) மேல் பழி போடும் கூட்டமும் சேர்ந்துகொண்டது. 2023இல் இ20 பங்க்குகளுக்கு வரத் தொடங்கியதிலிருந்து பழைய வண்டியில் எது கெட்டாலும் காரணம் அதுதான் என்றாகிவிட்டது. எத்தனால் ஆவியாக அதிக வெப்பம் வேண்டும், அதனால் குளிரில் ஸ்டார்ட்டிங் கொஞ்சம் சிரமப்படும் என்பது உண்மைதான். ஆனால் நம் வண்டி நிற்பது தாம்பரத்தில். விடியற்காலையிலும் 18 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். டெல்லி ஜனவரிக்குச் சொல்லும் காரணத்தைச் சென்னைக்குக் கொண்டுவந்தால் பொருந்தாது.

பேட்டரியை மட்டும் முதலில் பார்த்துவிட்டேன், ஏனென்றால் அதற்கு மல்டிமீட்டர் போதும், செலவு கிடையாது. இரவு முழுக்க நின்ற பிறகு 12.5 வோல்ட். செல்ஃப் அடிக்கும்போது 10.4க்குக் கீழே இறங்கவில்லை. பொதுவாக 9.6க்குக் கீழே போனால்தான் பேட்டரியையோ கேபிளையோ சந்தேகப்பட வேண்டும். எர்த் கேபிளில் எவ்வளவு வோல்ட் வீணாகிறது என்றும் பார்த்தேன்: மீட்டரின் ஒரு முனை பேட்டரி மைனஸில், இன்னொரு முனை என்ஜின் பிளாக்கில், யாராவது ஒருவர் செல்ஃப் அடிக்க வேண்டும். 0.1 வோல்ட் காட்டியது. அரை வோல்ட்டை நெருங்கினால் எர்த் பட்டையைக் கழற்றித் துரு சுரண்ட வேண்டியிருக்கும். இங்கே அந்த வேலை இல்லை. வேகமாகச் சுற்றியும் பிடிக்காத என்ஜினுக்குப் பேட்டரி மாற்றுவது, பசி இல்லாதவனுக்குப் பரிமாறுவது போலத்தான்.

அடுத்தது சாவிச் சோதனை. எந்தக் கருவியும் வேண்டாத இந்தச் சோதனையை ஏனோ யாரும் செய்வதில்லை. மாருதி இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் சாவியை இக்னிஷன் ஆனுக்குத் திருப்பியதும் டேங்குக்குள் இருக்கும் பம்ப் இரண்டு நொடி ஓடி நின்றுவிடும். பின் சீட்டில் காது வைத்தால் 'ஊஊங்' என்று கேட்கும். குழாயில் அழுத்தத்தை ஏற்றி வைப்பதற்காக அந்த இரண்டு நொடி. நல்ல நிலையில் உள்ள வண்டியில் முந்தைய நாள் அழுத்தம் பெருமளவு அப்படியே நிற்கும், ஆகவே இந்த இரண்டு நொடியே அதிகம். அழுத்தம் முழுக்க இறங்கிப்போன வண்டிக்கு அது போதாது.

எனவே காலையில் செல்ஃப் அடிக்காமல், சாவியை ஆன் செய்து இரண்டு நொடி காத்திருந்து ஆஃப், மறுபடி ஆன், மறுபடி ஆஃப், இப்படி மூன்று நான்கு முறை செய்துவிட்டுக் கடைசியில் செல்ஃப் அடித்தேன். உடனே பிடித்துக்கொண்டது. மறுநாள் வழக்கம்போல நேராக அடித்தேன், பழையபடி இழுத்தடித்தது. அதற்கடுத்த நாள் மறுபடி சாவி வித்தை, உடனே ஸ்டார்ட். தற்செயல் இல்லை என்று உறுதியாயிற்று. பற்றவைக்கும் பக்கம் நல்ல நிலையில் இருக்கிறது, இரவில் பெட்ரோல் அழுத்தம் எங்கோ கசிந்து போகிறது.

இந்த இடத்தில் ஒர்க்‌ஷாப் தீர்ப்பு சரி போலத் தோன்றும். பம்ப்புக்குள் ஒரு சின்ன ஒருவழி வால்வு உண்டு. ஏற்றிய பெட்ரோல் டேங்குக்குத் திரும்பி இறங்காமல் தடுப்பது அதன் வேலை. அது தேய்ந்தால் இதே அறிகுறிதான் வரும், இணையத்தில் தேடினாலும் அதைத்தான் சொல்வார்கள். ஆனால் பம்ப்பை எடுக்க டேங்கை இறக்க வேண்டும். பம்ப் அசெம்பிளி விலையும் சும்மா இல்லை. அதற்குள் இறங்குமுன் மதிய நேரத்து நடத்தையைப் பார்க்க வேண்டியிருந்தது. ஏனென்றால் வீட்டில், "காலையில பரவாயில்லைங்க, ஒரு மணி நேரம் வெயில்ல நிறுத்திட்டு எடுத்தாத்தான் உயிர் போகுது" என்று சொல்லியிருந்தார்கள்.

அதையும் சோதித்தேன். நன்றாக ஓட்டிச் சூடாக்கி, நிறுத்தி, சுமார் ஒரு மணி நேரம் விட்டு, அதே சாவி வித்தை. பலிக்கவில்லை. இன்னும் மோசமாயிற்று என்றுகூடச் சொல்லலாம். நெடுநேரம் சுற்றிய பிறகு பிடித்தபோது பின்னால் கருப்பாகக் கொஞ்சம் புகை, பச்சைப் பெட்ரோல் வாசம். அடுத்த தடவை, இதே போல ஒரு மணி நேரம் நின்ற வண்டியில், சாவியில் விளையாட்டு காட்டாமல் ஆக்சிலரேட்டரைத் தரை வரை மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தேன். இரண்டு நொடியில் முக்கி முனகிப் பிடித்துக்கொண்டது. பிடித்ததும் காலை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் என்ஜின் அலறும்.

முழு ஆக்சிலரேட்டரில் பிடிப்பதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகளில், செல்ஃப் அடிக்கும்போது காற்றை உள்ளே விடும் திராட்டில் முழுக்கத் திறந்திருந்தால் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்திவிடும் அல்லது வெகுவாகக் குறைத்துவிடும். ஏற்கனவே உள்ளே தேங்கிய பெட்ரோலை வெளியேற்றக் காற்று மட்டும் போகட்டும் என்ற ஏற்பாடு அது. ஆக இந்த முறையில் ஒரு வண்டி ஸ்டார்ட் ஆகிறதென்றால் உள்ளே பெட்ரோல் அதிகமாக இருக்கிறது என்று பொருள். காலையில் அழுத்தம் போதவில்லை, மதியத்தில் பெட்ரோல் தேவைக்கு மேல்.

இரண்டும் முரண்படுவது போலத் தெரிந்தாலும், ஒரே ஒரு பழுது இரண்டையும் விளக்கும்: சிலிண்டருக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களில், மூடியிருக்க வேண்டிய ஒன்று சொட்டுகிறது. சூடான என்ஜினை அணைத்ததும் பானட்டுக்குள் வெப்பம் உடனே குறையாது, முதலில் ஏறும். காற்றோட்டம் நின்றுபோகிறது, ரேடியேட்டரில் தண்ணீர் ஓட்டமும் இல்லை. இன்ஜெக்டர்கள் செருகியிருக்கும் ஃப்யூயல் ரெயிலில் உள்ள பெட்ரோல் சூடாகி விரிகிறது. சாதாரண அழுத்தத்தில் பெட்ரோலின் லேசான பகுதி 40 டிகிரிக்குள்ளேயே கொதிக்கத் தொடங்கிவிடும். மூன்று பார் அழுத்தம் இருக்கும்வரை அது அடங்கியிருக்கும். அழுத்தம் கசிந்து இறங்கிவிட்டால் ஆவி கிளம்பி, மிச்ச பெட்ரோலையும் அந்த ஓட்டை இன்ஜெக்டர் வழியாகவே தள்ளும். ஒரு மணி நேரத்தில் அந்த சிலிண்டரின் வாசலில் பெட்ரோல் ஈரம் நிறைந்திருக்கும். இரவு முழுக்க நின்றால் அந்த ஈரம் ஆவியாகிப் பறந்துவிடுகிறது, மிஞ்சுவது காலியான ரெயில் மட்டும். அதனால்தான் காலையில் சாவி, மதியம் ஆக்சிலரேட்டர். பம்ப் வால்வு மட்டும் கெட்டிருந்தால் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பியிருக்கும், என்ஜினுக்குள் வந்திருக்காது. முழு ஆக்சிலரேட்டர் அப்போது எந்த உதவியும் செய்யாது.

ஊகம் நன்றாக இருக்கிறது என்பதற்காகப் பொருள் வாங்கிவிட முடியாது. நண்பரின் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் செருகிப் பார்த்தோம். பிழை எதுவும் பதிவாகவில்லை, இந்த மாதிரித் தொல்லைக்கு என்ஜின் லைட் எரிவது அரிது. கூலண்ட் வெப்பநிலை சென்சார் காலையில் வெளிக்காற்றுக்குச் சமமாகவே காட்டியது. சூடான பிறகும் இதைப் பார்ப்பது முக்கியம். சென்சார் பொய் சொல்லி, சூடான என்ஜினைக் குளிர்ந்தது என்று கம்ப்யூட்டர் நம்பினாலும் பெட்ரோலைக் கொட்டும், மதிய அறிகுறி அச்சு அசலாக இப்படியே இருக்கும். ஐடிலிங்கில் ஃப்யூயல் டிரிம் (பெட்ரோல் அளவில் கம்ப்யூட்டர் செய்யும் திருத்தம்) மைனஸ் பக்கம் நின்றது, அதாவது எங்கிருந்தோ அதிகமாக வரும் பெட்ரோலைக் கம்ப்யூட்டர் ஓயாமல் குறைத்துக்கொண்டிருக்கிறது. வேகம் கூடினால் அந்த மைனஸ் சுருங்கியது. சொட்டும் அளவு மாறாதது, ஐடிலிங்கில்தான் அதன் விகிதம் பெரிதாகத் தெரியும். கணக்கு ஒத்துப்போனது.

அடுத்து எந்த சிலிண்டர் என்று தெரிய வேண்டும். வண்டியை ஓட்டி நிறுத்தி, செல்ஃப் அடிக்காமலே பிளக்குகளைக் கழற்றினேன். அடித்துவிட்டால் மூன்றும் நனைந்துவிடும், எது குற்றவாளி என்று தெரியாது. ஒரு எச்சரிக்கை: அலுமினிய ஹெட் கொதிக்கும் சூட்டில் இருக்கும்போது பிளக்கைத் திருகினால் மரை போய்விடும். கை வைத்தால் வெதுவெதுப்பாகத் தெரியும்வரை பொறுக்க வேண்டும். ஓர ஓரமாக இருந்த இரண்டும் உலர்ந்து, இளம் பழுப்பில் இருந்தன. நடுவில் இருந்தது கருத்து, நுனியில் ஈரம், மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் நெடி. பிளக்குக்குப் பொறி தரும் காயில் வேலை செய்யாததால் எரியாமல் நனைந்திருக்கலாமே என்ற சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா? இந்த என்ஜினில் ஒவ்வொரு பிளக்குக்கும் தனிக் காயில். நடுக் காயிலைப் பக்கத்துக் காயிலோடு இடம் மாற்றி, பிளக்குகளைத் துடைத்துப் போட்டு, ஒரு நாள் ஓட்டி மறுபடி பார்த்தேன். ஈரம் நடு சிலிண்டரை விட்டு நகரவில்லை.

இப்போது பிரஷர் கேஜ். ஃப்யூயல் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு என்ஜினை ஓட்டி, தானாக அணையும்வரை விட்டால் குழாயில் அழுத்தம் இறங்கிவிடும். பிறகுதான் ஜாயிண்டில் கை வைக்க வேண்டும், இல்லையென்றால் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும். ரெயிலுக்கு வரும் குழாயில் கேஜைச் சேர்த்து ஃபியூஸை மாட்டி, சாவியைப் போட்டதும் முள் மூன்று பார் பக்கம் ஏறியது. பம்ப் வீக்கு என்ற தீர்ப்பு அங்கேயே முடிந்தது. அணைத்த பிறகு ஒரு நிமிடம் கழித்தும் இரண்டு பாருக்கு மேல் நிற்க வேண்டும் என்பது இந்த வகை வண்டிகளுக்கு உள்ள அளவு. நம் முள் அதற்குள் ஒன்றரையைத் தொட்டு, கண்ணெதிரே நகர்ந்துகொண்டே இருந்தது.

டேங்க் பக்கமா, என்ஜின் பக்கமா என்று பிரிக்க, சிலர் இடுக்கியால் குழாயை நசுக்குவார்கள். ரப்பர் ஹோஸ் என்றால் சரி, இந்த வண்டிகளில் வரும் கடினமான நைலான் குழாயை நசுக்கினால் விரிசல் விட்டு இன்னொரு பெட்ரோல் கசிவை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம். நண்பரின் கேஜ் செட்டில் டேங்க் பக்கம் ஒரு மூடு வால்வு இருந்தது. அழுத்தம் ஏறியதும் அதை மூடினோம். மூடிய பிறகும் முள் அதே வேகத்தில் இறங்கியது. பம்ப் பக்கம் அடைத்தும் இறங்குகிறதென்றால் ஓட்டை ரெயில் பக்கம்தான். பம்ப் தப்பித்தது, டேங்க் இறக்கும் வேலையும் தப்பித்தது.

கடைசியில் கண்ணால் பார்க்கும் சோதனை. இதைத் திறந்த வெளியில், பேட்டரி சார்ஜர், பீடி, சிகரெட் எதுவும் பக்கத்தில் இல்லாமல், தீயணைக்கும் சிலிண்டரைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும். என்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்க வேண்டும். ஏர் ஃபில்டர் பெட்டி, அதன் குழாய் எல்லாம் கழற்றி, காயில் கனெக்டர்களையும் இன்ஜெக்டர் கனெக்டர்களையும் பிடுங்கி, ரெயிலின் போல்ட்டுகளை எடுத்து, மூன்று இன்ஜெக்டரோடு ரெயிலை அப்படியே மேலே தூக்கினோம். பெட்ரோல் குழாய் இணைப்பில்தான் இருந்தது. இன்ஜெக்டர்கள் அழுத்தத்தில் தெறித்து வெளியே வராமல் மெல்லிய கம்பியால் ரெயிலோடு கட்டிவிட்டு, ஒவ்வொன்றின் கீழும் ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. "அண்ணே, சாவி மட்டும் போடுங்க, செல்ஃபுக்குப் போயிடாதீங்க" என்று உதவிக்கு இருந்தவரிடம் இருமுறை சொல்லிவிட்டு அவரை உள்ளே உட்காரவைத்தேன்.

ஒரு நிமிடத்துக்கு ஒரு சொட்டுக்குக் குறைவாக இருந்தால் இன்ஜெக்டர் தேறியது என்று கொள்ளலாம். ஓரத்து இரண்டும் நுனி உலர்ந்து நின்றன. நடு இன்ஜெக்டரின் நுனியில் மணி போல ஒன்று திரண்டது, விழுந்தது, மறுபடி திரண்டது. சில நொடிக்கு ஒன்று வீதம், குப்பியின் அடி நனைந்துவிட்டது.

ஓம் மீட்டரில் மூன்று இன்ஜெக்டர்களும் 12 ஓம் சுற்றி ஒரே மாதிரிதான் காட்டின. மின்சுருள் நன்றாக இருக்கிறது, ஊசி உட்காரும் இடம்தான் கெட்டிருக்கிறது. மீட்டரை மட்டும் நம்பியிருந்தால் இன்ஜெக்டர் நல்லது என்று முடிவாகியிருக்கும்.

மூன்றையும் கழற்றி, அல்ட்ராசோனிக் தொட்டியில் சுத்தம் செய்து தரும் கடைக்குக் கொண்டுபோனேன். கரி படிந்து ஊசி சரியாக உட்காராமல் கசிந்தால் இந்தச் சுத்தத்தில் சரியாகிவிடும், இருக்கை தேய்ந்திருந்தால் ஆகாது. அங்கே கண்ணாடிக் குழல்கள் வைத்த டெஸ்ட் பெஞ்சில் சுத்தத்துக்கு முன்னும் பின்னும் போட்டுக் காட்டினார்கள். மூன்றும் பீய்ச்சும் அளவு சமமாகியது, ஓரத்து இரண்டின் தூவலும் முன்னைவிட நேர்த்தியாயிற்று. நடு இன்ஜெக்டரின் கசிவு குறைந்ததே தவிர நிற்கவில்லை. கடைக்காரர் இன்னொரு முறை போட்டுப் பார்க்கலாம் என்றார். ஏறக்குறைய பதிமூன்று வருடம், லட்சம் கிலோமீட்டர் உழைத்த பொருள். எந்தக் கம்பெனி இன்ஜெக்டராக இருந்தாலும் இந்த வயதில் தேய்வது இயல்பு. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் பழைய இன்ஜெக்டர் சல்லிசாகக் கிடைக்கும். கண்ணாடி, கதவு, பம்பர் என்றால் நானே முதலில் அங்கேதான் போவேன். ஆனால் டெஸ்ட் பெஞ்சில் போடாத பழைய இன்ஜெக்டரை வாங்குவது இன்னொருவரின் தொல்லையைக் காசு கொடுத்து வாங்குவது. உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜி.பி. ரோட்டில் பார்ட் நம்பரை ஒப்பிட்டு ஒரே ஒரு புது இன்ஜெக்டர் வாங்கினேன். பழையதன் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனால் கடையில் பேச்சு வளராது. கே10, ஏ-ஸ்டார், வேகன்ஆர் என்று எஞ்சின் குடும்பம் ஒன்றாக இருப்பதால் "எல்லாத்துக்கும் ஒண்ணுதான் சார்" என்பார்கள். எண் பொருந்தினால் மட்டும் வாங்க வேண்டும், ஏனென்றால் பீய்ச்சும் அளவு மாறினால் ஒரு சிலிண்டர் மட்டும் தனி ராகம் பாடும்.

மாட்டும்போது மூன்றுக்கும் புது ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்). பழைய ஓ-ரிங்கைத் திரும்பப் போட்டு மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை, பெட்ரோல் கசிந்தால் சூடான என்ஜின் மேல் விழும். ஓ-ரிங் மேல் ஒரு துளி பெட்ரோல் தடவினால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். உலர்ந்தபடி அழுத்தினால் ஓரம் சிராய்ந்துவிடும், வெளியே தெரியாது. இன்ஜெக்டர் கையால் திருகினால் லேசாகச் சுழல வேண்டும், சுழலாமல் இறுகி நின்றால் ஓ-ரிங் மடிந்திருக்கிறது என்று பொருள். எல்லாம் மாட்டி, என்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் சில தடவை போட்டு, டார்ச் அடித்து ரெயிலின் மேலும் கீழும் ஈரம் பார்த்த பிறகுதான் செல்ஃப்.

என்ஜின் ஆயிலையும் மாற்றினேன். இதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். சிலிண்டருக்குள் சொட்டிய பெட்ரோலில் எரியாத பகுதி பிஸ்டன் ரிங் வழியாக ஆயிலில் இறங்கியிருக்கும். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தபோதே பெட்ரோல் வாசம் வந்தது, அளவும் மேல் கோட்டைத் தாண்டியிருந்தது. ஆயில் கூடுவதைப் பார்த்துச் சந்தோஷப்படக் கூடாது. நீர்த்த ஆயிலில் ஓட்டினால் பேரிங்குகளுக்குத்தான் கேடு.

கேஜ் இன்னும் மாட்டியபடியே இருந்ததால் ஓட்டிச் சூடாக்கி நிறுத்திப் பார்த்தோம். அணைத்தவுடன் முள் இறங்கவில்லை, வெப்பத்தில் சற்று ஏறவே செய்தது. அரை மணி நேரம் கழித்தும் இரண்டரைக்கு மேல். மதிய வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்தி எடுத்ததில், சாவியைத் திருப்பிய கை விடுமுன் பிடித்துக்கொண்டது. காலையிலும் அப்படியே. ஐடிலிங் டிரிம் சில நாளில் பூஜ்யத்தை ஒட்டி வந்துவிட்டது. சுத்தம், இன்ஜெக்டர், ஓ-ரிங், ஆயில் எல்லாம் சேர்த்தும் பம்ப் அசெம்பிளி விலையில் பாதியைத் தொடவில்லை.

இதைப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டு அண்ணன் தன் வேகன்ஆரைக் கொண்டுவந்தார். அதிலும் காலையில் இழுத்தடிப்பு, சாவி வித்தைக்கு உடனே பணிகிறது. ஆனால் ஒரு மணி நேரம் நிறுத்தி எடுத்தாலும் சாவி வித்தைதான் பலிக்கிறது, முழு ஆக்சிலரேட்டர் ஒன்றும் செய்யவில்லை. புகை இல்லை, வாசமில்லை, பிளக் எல்லாம் உலர்ந்திருக்கின்றன. கேஜ் போட்டு வால்வை மூடியதும் முள் அசையாமல் நின்றுவிட்டது, திறந்தால் இறங்குகிறது. அவருக்கு நிஜமாகவே பம்ப் வால்வுதான். டேங்கில் பெட்ரோல் கால் பங்குக்குக் கீழே வரட்டும், நிறைந்த டேங்கை ஜாக்கி மேல் இறக்குவது இடுப்பு ஒடியும் வேலை என்று சொல்லியிருக்கிறேன். அதுவரை அவர் சாவியை மூன்று தடவை போட்டுத்தான் ஆபீஸ் போகிறார்.